காரின் ஃபியூயல் பம்பை வீட்டிலேயே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் கார் இப்படி நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் சொல்வது “பம்ப் போயிருக்கும்” என்பதுதான். போயிருக்கலாம். ஆனால் புது பம்பைப் போட்ட பிறகும் அசையாத வண்டிகள் உண்டு. கடைசியில் பார்த்தால் எரிந்த ஃப்யூஸ், தேய்ந்த ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), எலி கடித்த ஒயர் என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும்.

இந்த வேலையில் ஸ்பேனர் பிடிக்கும் நேரம் குறைவு. பம்ப்தான் கெட்டிருக்கிறதா என்று உறுதி செய்வதும், பெட்ரோல் ஆவியையும் தீப்பொறியையும் ஒன்றையொன்று சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வதும்தான் பெரிய வேலை. அதனால் அவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் உள்ள, பின்சீட்டுக்குக் கீழே அதற்கென்று மூடி வைத்த பெட்ரோல் கார்களுக்கு. ஹூண்டாய் ஐ10 நல்ல உதாரணம். பின்சீட்டைத் தூக்கினால் தரைத்தகட்டில் ஒரு சர்வீஸ் மூடி இருக்கும், அதைத் திறந்தால் பம்பின் தலை தெரியும். எல்லாக் கார்களும் இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. சில மாடல்களில் மூடியே கிடையாது. டேங்கை முழுதாகக் கீழே இறக்கித்தான் பம்பை எடுக்க முடியும். சீட்டைத் தூக்கிப் பார்த்து மூடி இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பெட்ரோல் டேங்கை இறக்குவது வீட்டு வாசலில் செய்யும் வேலையல்ல.

காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கும் இது பொருந்தாது. அவற்றில் இன்ஜின் பக்கத்துக் குழாய்களில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் போகிறது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். சி.என்.ஜி. வண்டிகளில் எரிவாயு சிலிண்டரும் குழாய்களும் டேங்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றையும் ஒர்க்‌ஷாப்புக்கே விடலாம். பழைய அம்பாசடர், பத்மினிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுடைய பம்ப் இன்ஜின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள டயஃப்ரம் அடித்துக்கொண்டிருக்கும்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 2020 ஜூலையில் மாருதி சுஸுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃபியூயல் பம்ப் கோளாறு சந்தேகத்தில் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,000-க்கும் மேற்பட்ட பழைய கார்களை இதே காரணத்துக்காக அழைத்தது. இப்படி அழைக்கப்பட்ட வண்டிகளுக்குப் பம்பை இலவசமாகவே மாற்றித் தருவார்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பம்ப்தானா?

முதல் வேலை, ஒரு இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றுவது. சிரிக்க வேண்டாம். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையும் பம்போடு ஒரே கூட்டில்தான் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் காலி டேங்குக்கும் கால் டேங்க் காட்டும்.

அடுத்து, சத்தமில்லாத இடத்தில் ஒருவரைப் பின்சீட்டில் காது வைக்கச் சொல்லிவிட்டுச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்கும். சத்தம் கேட்டால் பம்புக்கு உயிர் இருக்கிறது. ஆனால் போதுமான அழுத்தம் தருகிறதா என்பது வேறு கேள்வி. சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ் பெட்டிக்குப் போங்கள். மூடியின் உட்பக்கப் படத்தைப் பார்த்துப் பம்ப் ஃப்யூஸைக் கண்டுபிடியுங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ரிலே. ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே நம்பராக இருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவி அடையாளத்தோடு, திருட்டைத் தடுக்கும் இமொபிலைசரின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் பம்பில் இல்லை, சாவியில்.

ஸ்பார்க் பிளக்கும் ஒரு துப்பு தரும். கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டு, இன்ஜின் சூடாக இல்லாதபோது ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை, பம்பை மறந்துவிடுங்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. பின்சீட்டையும் சர்வீஸ் மூடியையும் திறந்து, பெட்ரோல் குழாய் எதையும் கழற்றாமல், பம்பின் மின் கனெக்டரை மட்டும் பிரியுங்கள். பலர் இங்கே மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டியதும் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எலி கடித்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட். பம்ப் இழுப்பது பல ஆம்பியர். எனவே இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்புக்கு இரண்டு ஒயர் வைத்து, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் பம்புக்குரிய இரண்டு பின்களில் கொடுத்துப் பாருங்கள். (மற்ற ஒயர்கள் மிதவைக்கு, எது எதற்கு என்று ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) முதலில் பல்பைச் சொருகிவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். இரண்டு விநாடி பளிச்சென்று எரிந்தால் கரண்டும் எர்த்தும் சரி, பம்ப்தான் போய்விட்டது. மங்கலாக எரிந்தாலோ, எரியாமலே போனாலோ, புது பம்ப் வாங்குவது வீண் செலவு. ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கே பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையையே செய்யாதீர்கள்.

பம்ப் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. மேட்டில் ஏறும்போது பிக்கப் குறைவது, 80-க்கு மேல் இழுக்க மறுப்பது, வெயிலில் நின்ற பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, பின்னாலிருந்து ரீங்காரம் கூடிக்கொண்டே போவது என்று முன்னறிவிப்புகள் இருக்கும். டேங்க் அடியில் ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆனால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுந்த வண்டியை நேராக வீட்டுக்கு ஓட்டுங்கள்.

எதை வாங்குவது?

இரண்டு வழி. மோட்டார், வடிகட்டி, மிதவை எல்லாம் சேர்ந்த முழுக் கூடு ஒன்று. மோட்டார் மட்டும் இன்னொன்று. மோட்டார் மட்டும் வாங்கினால் விலை பல மடங்கு குறையும். ஆனால் கூட்டைப் பிரித்து, பிளாஸ்டிக் கொக்கிகளை உடைக்காமல் நெகிழ்த்தி, உள்ளே மாற்ற வேண்டும். கூட்டுக்கு 10 வயதுக்கு மேல் ஆகிவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும். முதல்முறை செய்கிறவர்கள் பணம் இருந்தால் முழுக் கூடு வாங்கிவிடுவதே நல்லது என்பேன். ஐ10-க்கு ஹூண்டாயின் மோபிஸ் பார்ட்ஸ் கிடைக்கும். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் குவிந்த இடங்களில் போஷ், டென்சோ பெட்டியில் போலியும் உலவும். பில் தராத கடையில் வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்கலாம், பம்ப் வாங்கக் கூடாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாத மோட்டாருக்காக இன்னொரு முறை டேங்கைத் திறக்க நேரும்.

எதை வாங்கினாலும் கூடவே பம்பின் தலைக்கு அடியில் உட்காரும் ரப்பர் வளையத்தைப் புதிதாக வாங்குங்கள். பழைய வளையம் பெட்ரோலில் ஊறி உப்பிப் போயிருக்கும். கழற்றும்வரை அடங்கி இருந்தது, கழற்றியதும் பெரிதாகி மறுபடி பள்ளத்தில் உட்காராது. கூட்டுக்குள் ரப்பர் ஹோஸ் இருந்தால் அதிலும் கவனம் வேண்டும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸின் உட்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும்; டேங்குக்குள் மூழ்கிக் கிடந்தால் வெளிப்பக்கம் இளகி உதிரும். உள்ளே மூழ்கி இருப்பதற்கென்றே விற்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்.

நெருப்பு

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, படி இறங்கி, சாக்கடைக்குள் புகுந்து, கொஞ்ச தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அதனால் மூடிய ஷெட், பேஸ்மென்ட் பார்க்கிங், மாடி வீட்டின் கீழ்த்தளம் எதுவும் வேண்டாம். திறந்தவெளி, காற்றோட்டம், காலை நேரம். நான்கு கதவுகளும் டிக்கியும் திறந்திருக்கட்டும். காருக்குள் இருக்கும் விளக்கு கதவு திறந்தால் எரியாதபடி அணைத்து வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஆவியை விரட்டுகிறேன் என்று டேபிள் ஃபேன் வைப்பவர்கள் உண்டு. அந்த மோட்டாரிலும் ஸ்விட்சிலும் பொறி வரும். வாக்குவம் கிளீனருக்கும் இதே தடை. பாலியஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி போதும். சீட் துணியில் உரசி எழுந்த உடம்பில் நிலைமின்சாரம் இருக்கும். ஒவ்வொரு முறை காருக்குள் கை விடும்போதும் மூடியிலிருந்து தள்ளி, வண்டியின் வெறும் உலோகம் தெரியும் இடத்தைத் தொட்டுவிட்டுப் போங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும்.

டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நிறைய இருந்தால், பெட்ரோலுக்கென்றே விற்கும் கைப்பம்பால் உலோக கேனில் எடுத்துவிடலாம். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான்.

கழற்றுதல்

குழாயில் தேங்கி நிற்கும் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். ஐ10 மாதிரி வண்டிகளில் அது ஏறக்குறைய 3.5 பார், அதாவது 50 பி.எஸ்.ஐ.; நீங்கள் டயருக்கு அடிக்கும் காற்று 30 முதல் 33 பி.எஸ்.ஐ. வண்டி ஓடும் நிலையில் இருந்தால் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சப் பெட்ரோலை எரித்துவிட்டுத் தானே அணையும். ஓடவில்லையென்றால் ரிலே இல்லாமல் சில விநாடிகள் செல்ஃப் அடியுங்கள். பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்கின் மூச்சை விட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் கேபிளை 10 எம்.எம். ஸ்பேனரால் கழற்றித் தள்ளி வையுங்கள். வேலை முடியும்வரை அது திரும்ப ஏறக் கூடாது.

சீட் அடிமெத்தை வண்டிக்கு வண்டி வேறுபடும். முன்விளிம்பில் கிளிப் இருக்கும், அல்லது போல்ட். சர்வீஸ் மூடி ஸ்டார் ஸ்க்ரூவிலோ, கறுப்புப் பசையிலோ ஒட்டியிருக்கும். மூடியை எடுத்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். பம்பின் தலையைச் சுற்றிப் பல வருஷத்து மண் படிந்திருக்கும், அதில் ஒரு சிட்டிகை டேங்குக்குள் விழுந்தாலும் புது பம்புக்குத்தான் கேடு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதி, ஈரமான பனியன் வேஸ்டால் துடைத்து, வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். குழாய்கள், கனெக்டர்கள், தலையிலிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் தெரியும்படி மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, மொபைலை வீட்டுக்குள் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பம்பின் தலையிலும் டேங்கிலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பதும் நல்லது.

கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டு மின் கனெக்டரைப் பிரியுங்கள். அடுத்து பெட்ரோல் குழாயின் இணைப்பு. இருபக்க நாக்குகளை அமுக்கிப் பிடித்து, குழாயை முதலில் உள்நோக்கித் தள்ளி, பிறகு இழுத்தால் வரும். வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், சிக்கிய தூசியை ஊதிவிட்டு மறுபடி செய்யுங்கள். இணைப்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் இருக்கட்டும், கொஞ்சம் பெட்ரோல் பீறிடத்தான் செய்யும்.

தலையைப் பிடித்திருப்பது வட்டமாக வரும் போல்ட்டுகளாக இருந்தால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பெரிய பிளாஸ்டிக் மரை வளையமாக இருந்தால் அதற்கான ரிங் டூல் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெட்டியான மரத்துண்டை வளையத்தின் பல்லில் வைத்து, ரப்பர் சுத்தியால் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றலாம். இரும்பு உளியும் இரும்புச் சுத்தியும் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

கூட்டை நேராகப் பிடித்து இழுத்தால் மிதவைக் கம்பி ஓட்டையின் விளிம்பில் மாட்டி வளையும். வளைந்த மிதவை இனி பொய்க் கணக்குத்தான் காட்டும். பாதி தூக்கியதும் நிறுத்தி, உள்ளே தேங்கிய பெட்ரோலை வடியவிட்டு, பிறகு சாய்த்து, திருப்பி, மிதவை கடைசியாக வெளியே வரும்படி எடுங்கள். எடுத்ததும் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். மூடுவதற்கு முன் எல்.இ.டி. டார்ச்சை டேங்கிலிருந்து தள்ளி வைத்தே ஏற்றி, உள்ளே ஒரு பார்வை. அடியில் தண்ணீர் தனியாகத் திரண்டு நிற்கிறதா, துரு மிதக்கிறதா, சேறு மாதிரி படிந்திருக்கிறதா? இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு தனியே பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள். டேங்க் அழுக்காக இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் புது பம்பை இறக்காதீர்கள்.

மாற்றிப் பொருத்துதல்

முழுக் கூடு வாங்கியவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரம், குழாய் முனை, கனெக்டர் பின்கள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும்.

மோட்டார் மட்டும் மாற்றுகிறவர்கள் டேங்கிலிருந்து பல அடி தள்ளி, நிழலில், கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு பிரியுங்கள். கொக்கிகளை ஒரே நேரத்தில் நெகிழ்த்தினால் கூடு பிரியும். பழைய மோட்டாரில் பிளஸ், மைனஸ் ஒயர்கள் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், பெட்ரோல் வராது. அடியில் வலை மாதிரி இருக்கும் வடிகட்டியைக் கழுவித் திரும்பப் போடுவது பலரின் வழக்கம். புதியதன் விலை சொற்பம், மாற்றிவிடுங்கள். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் கழற்ற நேர்ந்தால் அதன் ஓ-ரிங்கும் (சிறிய ரப்பர் வளையம்) புதிதாக இருக்கட்டும், அது கசிந்தால் பம்ப் நல்லதாக இருந்தும் அழுத்தம் நிற்காது. வேலை செய்கிறதா என்று பார்க்க மோட்டாரை வெறுமனே பேட்டரியில் கொடுத்து ஓட்டாதீர்கள். அதற்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்கும் இதுவே காரணம்.

புது ரப்பர் வளையத்தில் துளி பெட்ரோலைத் தடவி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். கிரீஸ், சிலிக்கான் பேஸ்ட் எதுவும் வேண்டாம். மிதவையை முதலில் நுழைத்து, கூட்டைச் சாய்த்து இறக்கி, அம்புக்குறியைப் பழைய கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் தலை மேலே தள்ளும். ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி மரை வளையத்தை முதலில் கையாலேயே சுற்ற வேண்டும். கோணலாக ஏறினால் உடனே கழற்றி மறுபடி ஏற்றுங்கள். போல்ட் என்றால் எதிரெதிராகச் சீராக முடுக்குங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். குழாய் இணைப்புகள் ‘க்ளிக்’ என்று பூட்டிய பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

மூடுவதற்கு முன்

சிந்திய பெட்ரோல் முழுதும் காய்ந்து, வாசனை போகும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ரிலேயைத் திரும்பப் போட்டு, பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி, பிறகு ஆஃப். இப்படி நான்கைந்து முறை. காலியான குழாயில் அப்போதுதான் பெட்ரோல் ஏறும். ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பம்பின் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, மறுபடி பாருங்கள். ரிலேயைப் பிடுங்கி ஓட்டியதால் இன்ஜின் விளக்கு எரியக்கூடும். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் அழித்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் மூடியை இப்போதைக்கு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்துங்கள், சீட்டை முழுதாகப் பூட்ட வேண்டாம். கால் டேங்கில் கசியாத வளையம் முழு டேங்கில் கசியலாம், ஏனென்றால் பெட்ரோல் அப்போதுதான் தலைவரை வரும். அடுத்த முறை டேங்க் நிரப்பியதும் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்து, காய்ந்திருந்தால் பசையோடு மூடிவிடுங்கள். பெட்ரோல் பட்ட பனியன் வேஸ்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாமல், வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

புது பம்பும் சில மாதங்களில் படுத்துவிட்டால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் மின் கனெக்டரைப் பாருங்கள். பின் ஒன்று பழுப்பேறியோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அங்கே லூஸ் காண்டாக்ட். அந்தக் கனெக்டரை ஒயரோடு மாற்றாதவரை எத்தனை பம்ப் போட்டாலும் தங்காது.